சப்ரெசர் மாட்டுகிற வேட்டைத் துப்பாக்கிக்குக் காலிபரும் பேரலும் தேடிய பாடு

லைசென்ஸும், பேரல் முனையில் திருகிச் சத்தத்தைக் குறைக்கிற சப்ரெசருக்கான அனுமதியும் காத்திருந்ததைத் தவிர வேறு தொந்தரவில்லாமல் வந்துவிட்டன. எந்தக் காலிபர் (தோட்டாவின் அளவு, வகை), எத்தனை அங்குலப் பேரல் (குழல்) என்ற இடத்தில்தான் இழுத்தடித்தது.

கடைக்காரர் நான் வாயைத் திறக்கும் முன்பே .300 பிளாக்அவுட் காலிபர் துப்பாக்கி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சப்சோனிக் தோட்டா (ஒலியைவிட மெதுவாகப் போவது) போட்டால் சத்தமே இருக்காது, அவ்வளவுதான் அவர் வாதம். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர், குண்டு அதற்குக் கீழே போனால் காற்றைக் கிழிக்கிற அந்தப் படார் சத்தம் வராது, சரி. ஆனால் 220 கிரெய்ன் (குண்டின் எடையை அளக்கும் அலகு) குண்டு நொடிக்கு 305 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறக்குறைய 660 ஜூல்தான். 165 கிரெய்ன் .308 வின்செஸ்டர் அதைப் போல ஐந்து மடங்குக்கு மேல் தரும். எனக்கு மான், 150 மீட்டர் சில சமயம் 200 மீட்டர். 50 மீட்டருக்கு ஜீரோ வைத்த (குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்த) சப்சோனிக் குண்டு 150 மீட்டரில் முக்கால் மீட்டர் கீழே போய்விடும், போதாததற்கு அந்த வேகத்துக்கென்றே செய்த குண்டாக இல்லாவிட்டால் உள்ளே போய் விரியவும் விரியாது. காயப்பட்ட மானைத் தேடி அலைய எனக்கு விருப்பமில்லை. இன்னொன்று, வீட்டில் .223 காலிபர் துப்பாக்கி இருந்தால் பிளாக்அவுட் தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள். தவறி அதில் ஏறிவிட்டால் துப்பாக்கி வெடிக்கும்.

6.5 கிரீட்மூர் காலிபரா .308-ஆ என்று கொஞ்ச நாள் குழம்பினேன். உதை கிரீட்மூரில் குறைவு, தூரத்துக்கும் அதுதான் நல்லது. ஆனால் பேரலைக் குட்டையாக்கினால் வேகத்தை அதிகம் இழக்காதது .308, எனக்கு அது போதும்.

பேரல் 24 அங்குலம், அதன் முனையில் 7 அங்குல சப்ரெசர். புதருக்குள் திரும்பவே முடியாது. 18 அங்குலமாக வெட்டச் சொன்னேன். அங்குலத்துக்கு ஆறிலிருந்து ஒன்பது மீட்டர் வேகம் குறையும், 200 மீட்டருக்குள் மானுக்கு அது தெரியப்போவதில்லை. இன்னும் குட்டையாக்கினால் வெடியழுத்தம் ஏறி சப்ரெசர்தான் அடி வாங்கும். "எந்த நீளமும் போடலாம்" என்று கடையில் சொன்னதை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு காலிபருக்கும் குறைந்தபட்ச பேரல் நீளம் அதில் போட்டிருக்கும்.

அப்புறம்தான் மரை வெட்டும் கூத்து. சப்ரெசரைத் திருகி மாட்ட பேரல் முனையில் மரை வேண்டும். என் சப்ரெசருக்கு வேண்டியது 5/8-24 மரை, அதாவது 5/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 சுற்று. கன்ஸ்மித் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) வெட்டியதோ மில்லிமீட்டர் மரை, கேட்டால் அடாப்டர் போட்டுக்கொள்ளலாம் என்றார். போட்டு, அலைன்மென்ட் ராடை (பேரலும் சப்ரெசரும் நேர்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்கும் கம்பி) உள்ளே விட்டுப் பார்த்தால் அது சப்ரெசர் வாயின் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. "சுட்டால் சரியாகிவிடும்" என்றார் மனிதர், எப்படிச் சரியாகும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பேரலின் வெளிப்புறத்தை மையமாக வைத்து வெட்டியிருக்கிறார், குழல்துளையை வைத்து அல்ல. ஒரு தோட்டா சுட்டிருந்தால் குண்டு சப்ரெசரின் உள்தகட்டை உரசிக் கிழித்திருக்கும். போட்ட சண்டைக்குப் பணத்தில் பாதி திரும்பி வந்தது. வேறொருவர் துளைக்கு லேத்தில் மையம் பிடித்து, பழைய மரையை வெட்டி எறிந்துவிட்டு, அடாப்டரே தேவையில்லாதபடி புதிதாகப் போட்டுத் தந்தார். இப்போது பேரல் 17 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், ராட் நட்ட நடுவில் நிற்கிறது. மரை வெட்டக் கொடுக்கும்போதே எதை மையமாக வைத்து வெட்டுவீர்கள் என்று கேளுங்கள், பதில் மழுப்பலாக வந்தால் பேரலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சத்தம்? நல்ல சப்ரெசர் 20லிருந்து 35 டெசிபல் வரை குறைக்கும், வெறும் .308 சத்தம் 160க்கு மேல். மிச்சமே காதுக்கு அதிகம், குண்டின் படாரும் அப்படியே இருக்கும், அதனால் காதடைப்பான் நான் கழற்றுவதில்லை. சப்ரெசர் மாட்டினால் குண்டு படும் இடம் மாறும், எதோடு வேட்டைக்குப் போகிறீர்களோ அதோடே ஜீரோ பண்ணுங்கள். நாலைந்து தோட்டா சுட்டதும் மரை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், கொதிக்கும்.