பஸ்ஸில் குடித்த பால்

"பால் குடுத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு மேடம்" என்றார் அந்த அம்மா. அவர் தோளில் கிடந்த துவர்த்து ஈரமாக இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை.

பிசியோதெரபிஸ்டாக எனக்கு அது இரண்டாவது வருடம். அவர் குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். இரண்டு பஸ் ஏறி நாகர்கோவிலுக்கு வருவார். குழந்தைக்கு மூன்று மாதம். பிறந்ததிலிருந்தே தசை தளர்ந்த பிள்ளை, இருமவும் தெம்பில்லை. நிமோனியா வந்து போன பிறகு வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் சளி தங்கிவிட்டது. அதை இறக்க வாரத்துக்கு மூன்று நாள் என்னிடம் கொண்டு வந்தார்கள்.

கல்லூரியில் படித்ததை அப்படியே செய்தேன். கீழ்ப்பகுதிச் சளி பெரிய மூச்சுக்குழாய்க்கு வடிந்து வர வேண்டுமானால் அந்தப் பகுதி மேலே இருக்க வேண்டும். அதனால் குழந்தையை இடப்பக்கமாக மடியில் கிடத்தி, இடுப்பை உயர்த்தி, தலையைத் தாழ்த்தி வைப்போம். பெரியவர்களுக்கு உள்ளங்கையைக் குழித்துத் தட்டுவது போல, பச்சைக் குழந்தைக்கு மூன்று விரல்களைக் கூட்டி விலாவில் மெதுவாகத் தட்டுவோம். மூச்சு வெளியே போகும்போது லேசான அதிர்வு கொடுப்போம். சரியாகச் செய்தால் நோகாது. சில பிள்ளைகள் தட்டத் தட்டத் தூங்கிவிடும்.

இந்தப் பிள்ளை தூங்கவில்லை. தலையைத் தாழ்த்தினாலே முகத்தைச் சுளிப்பான், எதையோ விழுங்கிக்கொண்டே இருப்பான், விக்கல் எடுப்பான். மானிட்டரில் 96 என்று இருந்த ஆக்சிஜன் அளவு 88-க்கு இறங்கும். சளி கிளம்புகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சளி கிளம்பும்போதும் கொஞ்சம் இப்படித்தான் இருக்கும் என்பதால் சந்தேகம் வரவில்லை. நிமிர்த்தி, அளவு ஏறியதும் மறுபடி தாழ்த்தினேன்.

மூன்றாவது வாரம் காய்ச்சல் வந்தது. எக்ஸ்-ரேயில் கீழ்ப்பகுதி கொஞ்சம் தெளிந்திருந்தது. ஆனால் வலது மேல்பகுதியில் புதிதாக ஒரு வெண்மை. படுத்தே கிடக்கும் குழந்தைக்கு வயிற்றிலிருந்து ஏறி வருவது மூச்சுக்குழாய்க்குள் போனால் பெரும்பாலும் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. என் சிகிச்சைதான் காரணம் என்று எந்தப் படமும் எழுதிக் காட்டாது. எனக்கு மட்டும் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் வார்டுக்குப் போய், அந்த அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, என்னிடம் வருமுன் கடைசியாக எப்போது பால் கொடுத்தார் என்று மறுபடி கேட்டேன். அவர் அழுதுவிட்டார். "பஸ்ஸில வச்சு அழுவான் மேடம். எல்லாரும் திரும்பிப் பாக்காவ. குடுத்துருவேன். சொன்னா ஏசுவியளோன்னு பயந்தேன்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பசித்து அழும் பிள்ளையோடு பஸ்ஸில் நிற்கிற தாய் வேறு என்ன செய்வார்? நான் கேட்ட விதம் அப்படி. உண்மையைச் சொன்னால் சிகிச்சை இல்லாமல் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவர் நினைக்கும்படிதான் கேட்டிருந்தேன்.

அவருடைய மாமியார் அருகிலேயே இருந்தார். "கக்கின பிள்ளை தக்கும்ணு சொல்லுவாவ, இவன் கக்கவே இல்லையே" என்றார். அந்தப் பழமொழியில் உண்மை உண்டு. உணவுக்குழாயின் அடியில் இருக்கும் வளையத் தசை கைக்குழந்தைகளுக்கு அடிக்கடி தளரும். குடிப்பது முழுக்கப் பால், கிடப்பதோ பெரும்பாலும் படுக்கையில். அதனால் கக்குவது நான்காம் மாதவாக்கில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்று, ஒன்றரை வயதுக்குள் தானாக நின்றுவிடும். ஆனால் கக்காமல் தொண்டைவரை ஏறி இறங்கும் பாலும் அமிலமும் வெளியே தெரியாது. இருமத் தெம்புள்ள பிள்ளை அதைத் துப்பிவிடும். இவனால் முடியாது. சளியை இறக்கத் தலையைத் தாழ்த்திய நான், பாலுக்கும் வழி திறந்துவிட்டேன்.

அந்த வாரம்தான் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிரெண்டா பட்டன் என்ற பிசியோதெரபிஸ்டும் அவரது குழுவினரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டியான சளி தேங்கும் பரம்பரை நோய்) உள்ள கைக்குழந்தைகளின் உணவுக்குழாயில் அமிலத்தை அளக்கும் மெல்லிய குழாயை வைத்து, தலையைத் தாழ்த்தும் முறையையும் தாழ்த்தாத முறையையும் ஒப்பிட்டிருக்கிறார்கள். தாழ்த்தியபோது அமிலம் அதிகம் ஏறியது. 2003-ல் வெளிவந்த அவர்களது ஐந்து வருடத் தொடர் ஆய்வில், தாழ்த்தாமல் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் நுரையீரல் நல்ல நிலையில் இருந்தது. 1998-ல் லண்டனிலிருந்து வந்த ஓர் ஆய்வு இதற்கு மாறாகவும் சொன்னது. எனக்கு என் மடியில் கண்டதே போதுமானதாக இருந்தது.

அதன் பிறகு கைக்குழந்தைகளை நான் தலைகீழாகச் சாய்ப்பதில்லை. மட்டமாகவோ, தலையைச் சற்று உயர்த்தியோதான் வைக்கிறேன். வலது நுரையீரலுக்காக இடப்பக்கம் படுக்க வைப்பது இரைப்பைக்கும் நல்லது, அந்தப் பக்கம் கிடக்கையில் பால் ஏறுவது குறைவு. இதெல்லாம் நாம் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது மட்டும்தான். வீட்டில் தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், தலையணையும் வேண்டாம். சாதாரண மழைக்காலச் சளிக்கும் இளைப்புக்கும் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், தட்டுவதால் பலன் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

மூத்தவர் ஒருவருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை. குழந்தைகள் மருத்துவர் ஒத்துக்கொண்டார், அதனால் நடந்தது. பெற்றோரைச் சம்மதிக்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. தலைகீழாகப் பிடித்துத் தட்டினால்தான் வைத்தியம் என்று நாங்களே அவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தோம்.

அந்தப் பிள்ளை பதினொரு நாள் கழித்து வீட்டுக்குப் போனான். அப்புறமும் ஐந்து மாதம் வந்தார்கள். வராந்தாவில் அவர்களுக்காக ஒரு பெஞ்ச் போடச் சொன்னேன். வந்ததும் காத்திருப்பார்கள், தட்டி முடித்த பிறகு அங்கேயே இருந்து பால் கொடுப்பார்கள்.

எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று இப்போது நான் யாரிடமும் கேட்பதில்லை. "பஸ்ஸில எந்த ஊர் வரும்போது பால் குடுத்தீங்க?" என்றுதான் கேட்கிறேன். திங்கள்சந்தை என்பார்கள், சுங்கான்கடை என்பார்கள். நாகர்கோவிலை ஒட்டிய பார்வதிபுரம் என்றால் இன்னும் ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வேண்டியிருக்கும்.