வெந்தயம் மணத்த மஞ்சள் வைன்

2005இல் பரிஸ் உணவகம் ஒன்றின் பின்குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். எங்கட ஆட்களில் பலர் இந்த நாட்டில் முதலில் தொட்ட வேலை அதுதான். ஒருநாள் இரவு ஒரே மேசையிலிருந்து நான்கு வைன் கிளாஸ்கள் பாதிக்கு மேல் நிரம்பியபடியே திரும்பி வந்தன. தொட்டியில் ஊற்றப் போனபோது மூக்கில் அடித்தது நனைந்த சாக்கு மணம். ஊரில் மாரி காலத்தில் சங்கக்கடைக்குள், மா மூட்டை அடுக்கிய மூலையில் நின்றால் வருமே, அதே மணம். தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் "ஈரச் சாக்கு" என்று பரிமாறுகிற பெடியனிடம் சொன்னேன். அவன் போய் வைனுக்குப் பொறுப்பான மதாமைக் கூட்டிவந்தான். அவர் கிளாஸை ஒருதரம் சுழற்றி மணந்துவிட்டு, அந்தப் போத்தலை மேசையிலிருந்து எடுப்பித்து, புதிதாக ஒன்றைத் திறந்து கொடுக்கச் சொன்னார்.

கார்க்கில் பூஞ்சையால் உண்டாகும் ஒரு சேர்மம்தான் அந்தச் சாக்கு மணத்துக்குக் காரணம். ஒரு லீற்றர் வைனில் ஒரு கிராமின் நூறு கோடியில் ஒருசில பங்கு கலந்திருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். இதை அன்றிரவு வேலை முடிந்த பிறகு மதாம் சொல்லித் தந்தார். "செவ்வாய்க்கிழமை ஒரு மணித்தியாலம் முந்தி வா" என்றும் சொன்னார்.

அப்படித் தொடங்கியது. செவ்வாய்க்கிழமைகளில், உணவகம் திறக்கும் முன்னர், முதல்நாள் திறந்து மிஞ்சிய போத்தல்களை வரிசையாக வைப்பார். மணக்க வேண்டும், ஒரு மிடறு வாயில் வைத்துச் சுழற்ற வேண்டும், பிறகு வாளியில் துப்ப வேண்டும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பிரெஞ்சுக்காரர் வைனைப் பற்றிச் சொல்லும் சொற்களில் பாதி பழங்கள். காசிஸ், குறோசெய், மிராபெல். அவற்றை நான் வாயில் வைத்ததே இல்லை. வாயில் வைக்காத பழத்தின் பெயரை எப்படிச் சொல்வது? முதல் ஆறு மாதம் மற்றவர்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னேன். ஒருநாள் மதாம் பொறுக்க முடியாமல் என் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "உன் வீட்டில் இது எதைப் போல மணக்கும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து கொப்பியில் தமிழில் எழுதத் தொடங்கினேன்.

மதாம் சொன்ன ஊர்கள் எல்லாம் என் கொப்பியில் வேறு பெயரில் இருக்கின்றன. லுவார் ஆற்றுப் பக்கத்துச் சினோன் வைன், அதுவும் குளிரும் மழையுமாகப் போன 2013இல் விளைந்தது: கறிமிளகாயைக் குறுக்கே வெட்டும்போது எழும் பச்சை மணம். றோன் ஆற்றின் வடபகுதியில் விளையும் சிரா: நாவற்பழமும், அப்போதுதான் அம்மியில் தட்டிய மிளகும். மிளகில் இருக்கும் அதே மணப்பொருள்தான் சிரா திராட்சையின் தோலிலும் இருக்கிறது. வெயில் கூடிய வருடங்களில் அது மங்கிவிடும். அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்திராமினேர் என்ற வெள்ளை வைன்: ரோசாப்பூ, ரம்புட்டான். வெளிநாடு அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிக் கொழும்பு லொட்ஜில் மூன்று மாதம் கிடந்தபோது ஒவ்வொரு பின்னேரமும் தின்ற பழம். அந்த வைனை இன்றும் என்னால் நிறையக் குடிக்க முடியாது. மணந்தால் அந்த அறை வந்துவிடும்.

போர்தோ பகுதிச் சிவப்பு வைன்களைப் படிக்கத்தான் எனக்கு ஒரு வசதி இருந்தது. துவர்ப்பு எங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த சுவை. வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு. மெதோக் பகுதியின் ஒரே தோட்டத்து 2009ஐயும் 2010ஐயும் மதாம் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தந்தார். 2009 நல்ல வெயில் வருடம். நன்றாகப் பழுத்த நாவற்பழம் போல, துவர்ப்பு இருந்தும் நாக்கை உறுத்தாமல் வழுக்கிக்கொண்டு போனது. 2010இல் பழம் அதே அளவுக்கு இருந்தாலும், புளிப்பு நிமிர்ந்து நின்றது. துவர்ப்பு பச்சைப்பாக்கு மென்ற மாதிரி பல்முரசைப் பிடித்து இழுத்தது. எது நல்லது என்று கேட்டார். 2009 என்றேன். "இன்றைக்கு அதுதான். பதினைந்து வருடம் கழித்துக் கேட்கிறேன்" என்றார். நாட்பட நாட்பட 2010தான் முந்தும் என்பது அவருடைய தீர்ப்பு. அது சரி என்றே இப்போது நினைக்கிறேன்.

நான் பிரான்ஸில் வந்து இறங்கியது 2003 ஆகஸ்ட் முதல் கிழமை. குளிரும் என்று சொல்லி அம்மா பின்னித் தந்த ஸ்வெட்டர் பையில் இருந்தது. பரிஸில் வெயில் 40 பாகையைத் தொடப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கட ஆட்களின் கடைகள் நிறைந்த லாசப்பலில் ஒரு அறையில் ஏழு பேர், இரவில் ஈரச் சாரத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்தோம். அந்த வெக்கையில் நாடு முழுவதும் ஏறத்தாழ 15,000 பேர் செத்தார்கள், அதிகம் பேர் தனியே இருந்த வயதானவர்கள். பூர்கோன் என்ற வைன் பகுதியில் செப்டெம்பரில் தொடங்குகிற திராட்சை அறுவடையை அந்த வருடம் ஆகஸ்டிலேயே தொடங்கினார்கள். பல வருடம் கழித்து அந்த 2003 பூர்கோன் சிவப்பைக் குடித்துப் பார்த்தேன். அந்த ஊர் வைனுக்கென்று இருக்கும் மெலிவும் புளிப்பும் இல்லை. பழத்தைச் சீனி போட்டுக் காய்ச்சின ஜாம் போலக் கனத்தது. நல்ல வைன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெக்கை அதில் அப்படியே இருந்தது. ஒரு வருடத்தின் வெயிலையும் மழையையும் போத்தலில் அடைக்கிறார்கள் என்று மதாம் சொல்வார். எனக்கு அது விளங்கியது அன்றுதான்.

2012 தையில் அவர் ஒரு குட்டையான, தோள் அகன்ற போத்தலைத் திறந்தார். ஜூரா மலைப் பகுதியின் 'வன் ஜோன்', மஞ்சள் வைன். அதுவும் 2003. சவாஞன் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது. பீப்பாயில் ஊற்றி, ஆவியாகிக் குறையக் குறைய மேலே நிரப்பாமல், குறைந்தது ஆறு வருடமும் மூன்று மாதமும் விட்டுவிடுவார்கள். மேலே ஈஸ்ட் ஏடு போலப் படர்ந்து வைனைக் காக்கும். ஒரு லீற்றர் வைனில் கடைசியில் மிஞ்சுவது ஏறக்குறைய 62 சென்ரிலீற்றர். அதனால் போத்தலும் அதே அளவுதான்.

கிளாஸை மூக்கருகில் கொண்டுபோனேன். கை நின்றுவிட்டது.

வெந்தயம். அதுவும் பச்சை வெந்தயம் இல்லை. அம்மா தூளுக்குச் சரக்கு வறுக்கும் நாளில், மல்லியும் செத்தல் மிளகாயும் வறுத்து இறக்கிய பிறகு, சூடு தணியாத தாச்சியில் கடைசியாக வெந்தயத்தைப் போட்டு இரண்டு தரம் பிரட்டுவா. அது சிவக்கிற அந்தக் கணத்தில் எழும் மணம். நிமிர்ந்து பார்த்தேன். மதாம் "வால்நட், அப்பிள்" என்று எழுதிக்கொண்டிருந்தார். "இல்லை, மதாம்" என்றேன். ஏழு வருடத்தில் அவரிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல்தரம்.

அடுத்த செவ்வாய்க்கு லாசப்பல் கடையில் ஒரு பைக்கற் வெந்தயம் வாங்கிக்கொண்டு போனேன். சின்னத் தாச்சியை அடுப்பில் வைத்து ஒரு கரண்டி போட்டு வறுத்தேன். நிறம் மாறியதும் ஒரு தட்டில் கொட்டி, அந்த வைன் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் தட்டை மணந்தார். கிளாஸை மணந்தார். திரும்பவும் தட்டை. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரே தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார்: சொத்தொலோன் என்ற ஒரே மணப்பொருள்தான் வெந்தயத்திலும் மஞ்சள் வைனிலும் இருக்கிறதாம். அவருடைய குறிப்பில் அந்த வைனுக்கு நேரே இன்றும் தமிழில் 'வெந்தயம்' என்று எழுதியிருக்கிறது. எழுத்தை நான் காட்டிக் கொடுக்க, அவர் பார்த்துப் பார்த்து வரைந்தது.

வீட்டில் இதெல்லாம் இலகுவாக இருக்கவில்லை. குடியால் அழிந்த எங்கட பெடியளை நான் கண்டிருக்கிறேன்; குளிரும் தனிமையும் விசா இழுபறியும் சேர்ந்து தின்ற ஆட்கள். அந்தப் பயம் மனைவிக்கும் இருந்தது. "குடிக்கிறதைப் படிப்பெண்டு சொல்லுறியள்" என்று ஒருநாள் அழுதா. நான் வாதாடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போய் வாளியைக் காட்டினேன். பன்னிரண்டு வைன் மணந்து துப்பிவிட்டு நான் எழும்பியதைப் பார்த்துக்கொண்டே இருந்தா. வீட்டுக்கு வரும் வழியில், "அப்பு கள்ளைப் பிளாவில வாங்கி முதல்ல மணந்துதான் பாப்பேர். எந்தப் பனையெண்டும் சொல்லுவேர்" என்றா. அவவின் அப்பு, தாயின் தகப்பன். காலையில் இறக்கிய கள்ளு இனிக்கும், பின்னேரம் புளிக்கும், மரத்துக்கு மரம் வேறு. எனக்கும் தெரிந்ததுதான்; வைனோடு சேர்த்து யோசித்தது அவ.

எங்கள் மகள் 2010இல் பிறந்தவள். பிள்ளை பிறந்த வருடத்து வைனை வாங்கி வைப்பது இங்கத்தைய வழக்கம். நானும் அந்த மெதோக் 2010இல் ஆறு போத்தல் வாங்கி, எங்கள் கட்டடத்தின் நிலவறையில் படுக்கையாக வைத்தேன். அவளுடைய பதினைந்தாவது பிறந்தநாளுக்கு ஒன்றைத் திறந்தோம். மதாம் இப்போது ஓய்வில், அவரையும் அழைத்திருந்தோம். மகள் மணந்து மட்டும் பார்த்துவிட்டு, "பென்சில் சீவின மாதிரி இருக்கு" என்றாள். மதாம் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். புளிப்பு அமைந்திருந்தது. துவர்ப்பு முரசில் இன்னும் கொஞ்சம் இழுத்தது, காய்ந்த பாக்கு அளவுக்கு. மற்ற ஐந்தையும் ஐந்து வருடத்துக்குத் தொட வேண்டாம் என்றார் மதாம். கீழே போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன்.