உதவி நாய்க்குட்டி வளர்ப்பு: நான் சறுக்கிய இடங்கள்

பார்வையற்றவருக்கு வழிகாட்டப் போகும் ஒரு லாப்ரடார் குட்டியை, பெரிய பயிற்சிக்குப் போகும் வரை வீட்டில் வைத்து வளர்த்துத் தர ஒப்புக்கொண்டேன். விண்ணப்பம், வீட்டைப் பார்வையிடுவது எல்லாம் சுலபமாக முடிந்தன. குட்டி வந்த அன்று இரவுதான் தலைவலி ஆரம்பித்தது.

8 வாரக் குட்டி. தாயின் வாசனை ஏறிய ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, கொடுக்க வேண்டியவரும் மறந்துவிட்டார். மூன்று இரவு தூக்கம் போயிற்று. முனகினால் போதும், ஓடிப்போய்த் தூக்கினேன். மேற்பார்வையாளரிடம் புலம்பியபோது, "அவன் அழுகைக்கு நீங்கதான் சம்பளம் கொடுக்கிறீங்க" என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்ன ஓர் ஆய்வு உறைத்தது. 2017-இல் வெளியானது, அமெரிக்காவில் 98 வழிகாட்டி நாய்க்குட்டிகளைத் தொடர்ந்து கவனித்தது. தாய் அதிகம் சீராட்டிய குட்டிகள் பின்னால் பயிற்சியில் தேறாமல் போவது கூடுதலாக இருந்ததாம். தாய் படுக்காமல் உட்கார்ந்தோ நின்றோ பால் கொடுக்க, எக்கிக் குடித்து வளர்ந்தவை நன்றாகத் தேறினவாம். அன்றிரவு முனகலைக் கேட்டபடி பல்லைக் கடித்துப் படுத்திருந்தேன். இருபது நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

அடுத்தது தடுப்பூசி அட்டை. குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் 3-ஆம் வாரத்தில் தொடங்கி 14-ஆம் வாரத்துக்குள் ஏறக்குறைய மூடிவிடும். தடுப்பூசிகள் முடியவோ 16 வாரமாவது ஆகும். ஆகவே கையில் தூக்கிக்கொண்டுதான் தெருவைக் காட்ட வேண்டும், கண்ட இடத்தில் கீழே விடக்கூடாது. குட்டிகளுக்கான வகுப்புக்கு முதல் ஊசி போதும். ஆனால் என் அட்டையில் ஊசி மருந்தின் ஸ்டிக்கர் இருந்தது, டாக்டரின் கையெழுத்து இல்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவமனைக்கு ஓடினால் கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அவர் லீவு, அடுத்த வாரம் வாங்க" என்றார். ஒரு கையெழுத்துக்காக இரண்டு வகுப்பு போச்சு. ஊசி போட்ட மேசையை விட்டு நகரும் முன் அட்டையைப் படித்துப் பாருங்கள், ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறேன் என்று நான் செய்ததுதான் பெரிய தப்பு. 9-ஆம் வாரத்தில் ஒரே நாளில் ரயில் நிலையம், கடைத்தெரு, லிஃப்ட் எல்லாவற்றையும் காட்டக் கிளம்பினேன். 8-இலிருந்து 10 வாரம் வரை குட்டிகள் சட்டென்று மிரளும் காலம் என்று வகுப்பில் சொல்லியிருப்பார்கள், நான்தான் போகவில்லையே! கடைத்தெருவில் காதருகே ஒரு ஷட்டர் தடதடவென்று இறங்கியது. என் கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். அதன் பிறகு தட்டில் கரண்டி பட்டாலும் கட்டிலுக்கு அடியில்தான் தேட வேண்டும்.

சரிசெய்ய ஆறு வாரம் ஆயிற்று. ஷட்டர் சத்தத்தைப் பதிவுசெய்து, காதில் விழுந்தும் விழாததுமாக, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒலிக்கவிட்டேன். அவன் தின்பதை நிறுத்தினால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். அவசரப்பட்டு இரண்டு முறை கூட்டிவைத்தேன், இரண்டு முறையும் பழைய இடத்துக்கே திரும்பினோம். தெருவிலும் அப்படித்தான்: பயந்த பொருளை நோக்கி இழுக்கவும் கூடாது, கெஞ்சவும் கூடாது. தின்ன முடிகிற தூரத்துக்குப் பின்வாங்கி நிற்க வேண்டும்.

16-ஆம் வாரம் கடைசி ஊசி முடிந்து, கையெழுத்தை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு, முதல்முறையாகத் தரையில் நடத்தி வந்தேன். எதிர்க்கடையில் ஷட்டர் ஏறியது. நின்றான், காதைத் தூக்கினான், திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தான். தீனியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.