எனக்கு ஊசி, அங்கிளுக்கு வலை: சிட்னியில் வௌவால் மீட்கப் பழகிய கதை

காயம்பட்ட காட்டுயிர்களை மீட்கும் வயர்ஸ் அமைப்பில் தன்னார்வலராக இருக்கிறேன் என்று சொன்னால் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கோவாலாவைத் தூக்கியிருக்கீங்களா?" என்பதுதான். இல்லை. 2019-20 காட்டுத்தீயின்போது வந்த படங்கள் எல்லார் மனதிலும் அப்படிப் பதிந்துவிட்டன. நான் இருக்கும் மேற்கு சிட்னியில் வருவதெல்லாம் மேக்பை பறவைக் குஞ்சு, ஜன்னல் கண்ணாடியில் மோதிய லோரிகீட் கிளி, பூனை கடித்த போசம் (மரத்தில் வாழும், வயிற்றில் பையுள்ள சின்ன விலங்கு), வலையில் சிக்கிய வௌவால். நான் கடைசியில் வந்து நின்றது வௌவாலிடம்.

வயர்ஸ் 1985-இல் தொடங்கிய அமைப்பு. நியூ சவுத் வேல்ஸ் முழுக்கக் கிளைகள் உண்டு. வேலையில் பெரும்பங்கு தன்னார்வலர்களுடையது. இங்கே காயம்பட்ட காட்டுயிரை இரக்கப்பட்டு நீங்களாக வீட்டில் வைத்து வளர்க்க முடியாது, சட்டம் விடாது. உரிமம் பெற்ற ஓர் அமைப்பில் சேர்ந்து, பயிற்சி முடித்து, அதன் உரிமத்தின் கீழ்தான் செய்யவேண்டும். எனக்கு முதலில் இது எரிச்சலாக இருந்தது. ஒரு பறவையைக் காப்பாற்ற இத்தனை படிவமா என்று தோன்றியது. வகுப்பில் உட்கார்ந்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

முதல் வகுப்பு மீட்பும் முதலுதவியும் பற்றியது. கட்டணம் கட்டி, பாடங்களை இணையத்தில் படித்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி, அப்புறம் செய்முறைப் பயிற்சிக்குப் போகவேண்டும். துண்டைப் போட்டுப் பறவையைப் பிடிப்பது, பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போடுவது என்று எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: இருட்டு, கதகதப்பு, அமைதி. தண்ணீரும் சாப்பாடும் கொடுக்காதே. நம் ஊர்ப் பழக்கம் இதற்கு நேர்மாறு. அடிபட்ட எதைப் பார்த்தாலும் "ஐயோ பாவம்" என்று முதலில் வாயில் தண்ணீர்தான் ஊற்றுவோம். அதிர்ச்சியில் இருக்கும் உயிருக்கு அது நுரையீரலுக்குள் போகலாம். கங்காரு, போசம் குட்டிகளுக்குப் பசும்பால் கொடுத்தால் அதிலுள்ள லாக்டோஸ் செரிக்காது; வயிற்றுப்போக்கிலேயே போய்விடும்.

பயிற்சி முடிந்ததும் ஆபத்தான மீட்புகள் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தொலைபேசி. வசந்த காலத்தில், அதாவது இங்கே செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை, பறக்கப் பழகும் குஞ்சுகளால் ஊரே நிறைந்திருக்கும். குஞ்சு தரையில் தத்தித் தத்தி நடக்கும். பார்த்தவர் அநாதை என்று நினைத்துத் தூக்கிவிடுவார். அவரிடம் பொறுமையாகப் பேசவேண்டும். உடம்பில் காயம் இருக்கிறதா? சிறகு முளைத்திருக்கிறதா? தாய் பக்கத்து மரத்தில் கத்துகிறதா? எல்லாம் சரியாக இருந்தால், பூனையையும் நாயையும் உள்ளே கட்டிவிட்டுக் குஞ்சை எடுத்த இடத்திலேயே விடச் சொல்வோம். பாதி மீட்பு என்பது மீட்காமல் இருக்கச் சொல்வதுதான். அடுத்தது நீலநாக்குப் பல்லி. தலை மட்டும் செடிக்குள்ளிருந்து தெரிந்தால் பாம்பு என்றே அழைப்பு வரும். பாம்பு பிடிக்கத் தனிப் பயிற்சி வேண்டும், எனக்கு அது கிடையாது. அதனால் படம் அனுப்பச் சொல்லிக் குட்டையான கால்களைக் காட்டிக் கொடுப்பேன்.

இன்னொரு ரகம், கூரைக்குள் போசம் புகுந்த வீட்டுக்காரர்கள். பிடித்துக்கொண்டுபோய் எங்காவது காட்டில் விட்டுவிடுங்கள் என்பார்கள். அது முடியாது. போசம் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உரிமத்தோடு பிடித்தாலும் பிடித்த இடத்திலிருந்து 150 மீட்டருக்குள்தான் விடவேண்டும். வேறொரு போசத்தின் எல்லைக்குள் கொண்டுபோய் விட்டால் அது பிழைப்பது கடினம். அது வெளியே போயிருக்கும் இரவு நேரத்தில் ஓட்டையை அடைத்துவிட்டு மரத்தில் ஒரு பெட்டி கட்டுங்கள் என்று சொல்வோம். யாருக்கும் பிடிக்காத பதில் இது.

வௌவாலுக்கு வருகிறேன். இங்கே மேற்கு சிட்னியிலேயே பாரமட்டா பூங்காவில், ஆற்றோரம், பெரிய சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால் கூட்டம் ஒன்று தங்குகிறது. சிறகை விரித்தால் ஒரு மீட்டர் அகலம் வரும். யூகலிப்டஸ் காடுகளில் மகரந்தம் சேர்ப்பதும் விதை பரப்புவதும் இவைதான். அழியும் அபாயமுள்ள இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்ற, தடுப்பூசி போட்டவர்களைத் தவிர வேறு யாரும் இவற்றைத் தொடக்கூடாது. காரணம் ஆஸ்திரேலிய வௌவால் லிஸ்ஸா வைரஸ். 1996-இல் கண்டறியப்பட்ட இது ரேபிஸின் நெருங்கிய உறவு. மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, ஆனால் நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைக்க வழியில்லை. 2025-இல் நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் இறந்தார். நாட்டில் அது நான்காவது மரணம்.

ஆக, ரேபிஸ் தடுப்பூசி. பயணத் தடுப்பூசி போடும் கிளினிக்குக்குப் போனேன். பெயரைப் பார்த்ததும் செவிலியர், "இந்தியாவுக்கா? எத்தனை வாரம்?" என்று படிவத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். இல்லை, பாரமட்டாவுக்கு என்றேன். இந்த ஊசி நம் கைக்காசு, மலிவும் இல்லை. வாரங்கள் இடைவெளி விட்டுப் போட்டார்கள். அப்புறம் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி போதுமான அளவு இருக்கிறது என்று தெரிந்த பிறகே வௌவால் வகுப்பில் கைவைக்கவிட்டார்கள். வீட்டில் அம்மா கைபேசியில், "நாய் கடிச்சாத்தான் ஊசி போடுவாங்க. நீ என்ன, கடிக்கறதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டுக் கடி வாங்கப் போறியா?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை, சரி என்று வைத்துவிட்டேன்.

வகுப்பில் ஒரு விதி என்னை உலுக்கியது. ஊசி போடாத ஒருவரை வௌவால் கடித்தாலோ கீறினாலோ, அதைப் பரிசோதிக்கவேண்டி வரும். பரிசோதிக்க அதன் மூளை வேண்டும், அதாவது கொல்லவேண்டும். பாவம் பார்த்துக் கையால் தூக்குகிறவர் அதற்கு மரண தண்டனை வாங்கிக் கொடுப்பதுபோல ஆகிவிடுகிறது. கடிபட்டவர் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் புண்ணைக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போகவேண்டும். கடித்த பிறகு போடும் சிகிச்சை இங்கே இலவசம்.

முதல் வலைக்கேஸ் ஒரு பிப்ரவரி மாதக் காலையில், டூங்காபியில் ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள் வீட்டில். மாமரத்துக்கு மலிவான கறுப்பு நைலான் வலை போட்டிருந்தார். அந்தப் பருவத்தில் பிறந்து தனியாகப் பறக்கத் தொடங்கிய குட்டி ஒன்று அதில் தொங்கிக்கொண்டிருந்தது. "பிள்ளை, இரவு முழுக்க ஒரே கத்தல். கத்தரிக்கோலோட வெளிக்கிட்டனான், மனிசி மறிச்சுப் போட்டா" என்றார். ஆன்ட்டிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

வலையிலிருந்து வௌவாலைப் பிரித்தெடுக்கக் கூடாது. வௌவாலைச் சுற்றி வலையை வெட்டவேண்டும். தலைமேல் துண்டைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, மரத்தோடு இருக்கும் இழைகளை மட்டும் நறுக்கி, சிக்கிய துண்டு வலையோடு அப்படியே கூண்டுக்குள் வைத்தேன். என்னோடு வந்த அனுபவசாலி வாயைத் திறந்து காட்டினார். இழையைக் கடித்துக் கடித்து நாக்கு வீங்கியிருந்தது. சிறகில் ரத்தமே இல்லை. "நல்லாத்தானே இருக்கு, விட்டுடலாமே" என்று அங்கிள் கேட்டார். அங்கேதான் சிக்கல். இழை இறுக்கி ரத்த ஓட்டம் நின்ற சிறகுச் சவ்வு உடனே எதையும் காட்டாது. சில நாள் கழித்துத்தான் செத்து உதிரத் தொடங்கும். அன்றே பறக்கவிட்டால் எங்காவது விழுந்து பட்டினியில் சாகும். அதனால் பராமரிப்பாளர் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஆப்பிளும் பேரிக்காயும் துண்டு துண்டாக, மேலே புரதப் பொடி தூவி. சவ்வின் ஓரத்தில் கொஞ்சம் போனது, மீதி பிழைத்தது. பிறகு மற்றக் குட்டிகளோடு பெரிய கூண்டில் பறந்து பழகி, கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

வலை வெட்டுவது எளிது, அங்கிளின் மனதை மாற்றுவதுதான் பெரும்பாடு. பழம் அவருடையது, உழைப்பு அவருடையது. வௌவால் வந்து தின்றுவிட்டுப் போகட்டும் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? வலையே போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. கண்ணி 5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத வலை போடச் சொல்கிறோம். விரலை விட்டுப் பாருங்கள், நுழைந்தால் அந்த வலை வேண்டாம். வெள்ளை நிறமாக இருந்தால் இருட்டிலும் தெரியும். விக்டோரியா மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து வீட்டுப் பழமரங்களுக்கு இந்தக் கண்ணி அளவைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். எங்கள் மாநிலத்தில் இன்னும் அறிவுரை அளவில்தான் நிற்கிறது. அது போதாது என்பது என் கருத்து. கடையில் மலிவு வலை தொங்கும்வரை ஆட்கள் அதைத்தான் வாங்குவார்கள்.

வலை வேண்டாமென்றால் பழத்துக்குத் தனித்தனியாகத் துணிப்பை கட்டலாம் என்றதும் அங்கிளின் முகம் மாறியது. "ஊரில மாதுளைக்குத் துணி கட்டுறனாங்கள்தானே, அது மாதிரியோ?" அதேதான். ஆன்ட்டி பழைய திரைச்சீலையில் பைகள் தைத்துவிட்டார். இப்போது அங்கிள் தெருவில் யார் வீட்டில் வலை கட்டினாலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வருகிறார்.

அதன் பிறகு ஒரு தமிழ்ப் பள்ளியில் இரண்டு வகை வலைத் துண்டுகளையும் மேசையில் வைத்துப் பேசத் தொடங்கினேன். சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று சொல்லித் தொடங்கினால் பெரியவர்கள் காது கொடுக்கிறார்கள். கஷ்டமான கேள்வி காகச் சோறுதான். அமாவாசைக்கு வைக்கும் ஒரு பிடி சோற்றை நான் தடுக்கப்போவதில்லை. தினமும் சோறும் ரொட்டியும் போட்டுப் பறவைகளைப் பழக்கவேண்டாம், ஒரு சட்டியில் தண்ணீர் வையுங்கள் என்கிறேன். இங்கே மேற்கு சிட்னியில், பென்ரித்தில், 2020 ஜனவரியில் 48.9 டிகிரி வெயில் அடித்தது. 42 டிகிரியைத் தாண்டினால் வௌவால்கள் மரத்திலிருந்தே விழத் தொடங்கும்.

சேர நினைப்பவர்களுக்கு: ஜூன், ஜூலையில் வகுப்பை முடித்துவிடுங்கள். செப்டம்பர் வந்துவிட்டால் பழைய ஆட்களுக்குப் பேச நேரம் இருக்காது, கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. வௌவால் வேண்டுமென்றால் ஊசியை அதற்கும் முன்பே தொடங்குங்கள். கார் டிக்கியில் அட்டைப்பெட்டி, பழைய துண்டுகள், தலையணை உறை எப்போதும் இருக்கட்டும். ஊசி வேண்டாம், வண்டியும் இல்லை என்றாலும் பரவாயில்லை. தமிழில் பொறுமையாகத் தொலைபேசியில் விளக்கக்கூடிய ஆள் எங்கள் பக்கம் நிறையத் தேவைப்படுகிறது.