ஞானப்பூ அம்மாள் இருந்த ஊர் வழியாக

திருநெல்வேலிப் பக்கமிருந்து போகிறவர்களுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயத்தின் வாழ்க்கை வரிசை மாறித்தான் கிடைக்கும். முதலில் வருவது அவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளம். அதைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தால் அவரைச் சுட்டுக் கொன்ற காற்றாடிமலை. பிறகு கோட்டாற்றில் கல்லறை. பெருவிளையில் அவரைக் கட்டிவைத்திருந்த இடம், புலியூர்க்குறிச்சியில் தண்ணீர் சுரந்த பாறை, கடைசியாக மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் அவர் பிறந்த நட்டாலம். இந்த வழியில் ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடிவதற்கு முன்பே கிளம்பினோம். நான், என் மகள், என் மாமியார். அத்தைக்கு எண்பதை நெருங்குகிறது, இரண்டு முழங்காலிலும் வலி. "மலை ஏற முடியாட்டா அடியில உக்காந்து ஜெபமாலை சொல்லுதேன், என்னைய விட்டுட்டுப் போயிராதீங்க" என்று அவர்தான் முதலில் சொன்னார்.

எதற்காகப் போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கொழுந்தனாரின் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருக்கிறது. பையனும் கத்தோலிக்கன்தான். மறைக்கல்வி நடத்துகிறவன், பூசையில் வாசகம் வாசிக்கிறவன். சாதி வேறு. அது ஒன்றுதான் குறை. முந்திய ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலை வாசித்தபோது பெண்ணைப் பெற்றவர்கள் வரவில்லை. பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். நானும் என் கணவரும் அவள் பக்கம் நிற்பதால் சொந்தக்காரர்கள் எங்கள் வாசலை மிதிப்பதில்லை. திருவிழாவுக்குக் கறிச்சோறு கொடுத்தனுப்பினால் பாத்திரம் அப்படியே திரும்பி வருகிறது. அத்தைக்கு ஒரு பக்கம் இளைய மகன், இன்னொரு பக்கம் பேத்தி. அவர் எந்தப் பக்கமும் வாய் திறக்கவில்லை. இப்படி இருக்கும்போதுதான் எனக்குத் தேவசகாயத்திடம் போக வேண்டும் என்று தோன்றியது. சாதிக்கு எதிராகச் சமமாக உட்கார்ந்ததற்காக அடிபட்டவர் அவர். அவரிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்ல?

வடக்கன்குளத்துத் திருக்குடும்ப ஆலயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது காலைப் பூசை முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். 1745 மே 14 அன்று இந்த ஊரில்தான் நீலகண்ட பிள்ளை என்ற திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர் பரஞ்சோதிநாதர் என்று தமிழில் அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு புத்தாரியிடம் திருமுழுக்குப் பெற்றார். லாசர், தமிழில் தேவசகாயம், என்ற பெயரோடு ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 33.

இந்தக் கோயிலுக்கு இன்னொரு கதையும் உண்டு. அதை மறைக்காமல் சொல்லித்தான் ஆக வேண்டும். தேவசகாயம் இறந்து நூறு வருடத்துக்கு மேல் கழித்து, 1872இல், இங்கே எழுந்த கோயிலை இரண்டு கால்கள் போலப் பிரித்துக் கட்டினார்கள். பீடம் ஒன்று, சனங்கள் நிற்க இரண்டு தனித்தனி மண்டபங்கள். ஒரு சாதி இந்தப் பக்கம், மற்றவர்கள் அந்தப் பக்கம், நடுவில் சுவர். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமல் ஒரே நற்கருணையை வாங்கினார்கள். கௌசானல் சாமியார் காலத்தில், 1910 வாக்கில், அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டது. அதற்காகக் கோர்ட்டு வரை போனார்கள். தேவசகாயம் தலையில் தண்ணீர் வாங்கிய ஊரிலேயே அப்படி ஒரு சுவர் எழுந்தது என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு எரிகிறது. ஆனால் அதை இடித்தவர்களும் விசுவாசிகள்தான் என்று மகளிடம் சொன்னேன். அவள் அங்குமிங்கும் நடந்து, சுவர் எங்கே இருந்திருக்கும் என்று கண்ணாலேயே அளந்து பார்த்தாள். "இப்ப நம்ம வீட்ல நடக்கதும் அதே சுவருதானம்மா" என்றாள். அத்தை பக்கத்தில்தான் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தையை நான் கூட்டிப்போக நினைத்தது ஞானப்பூ அம்மாளின் கல்லறைக்கு. தேவசகாயத்தின் மனைவி. பார்கவி என்ற பெயரோடு வாழ்க்கைப்பட்டு வந்தவர், கணவர் வழியாக வேதத்தை ஏற்று ஞானப்பூ ஆனார். கணவர் போனபின் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்துக்கு வந்துவிட்டார். பதினான்கு ஆண்டுகள் இங்கே வாழ்ந்து இங்கேயே கண்ணை மூடினார் என்று சொல்கிறார்கள். அவருக்குப் புனிதர் பட்டம் இல்லை, அவர் பெயரில் தேரும் இல்லை. வருகிறவர்களில் பலர் கோயிலைப் பார்த்துவிட்டுக் காற்றாடிமலைக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

நான் அங்கே நெடுநேரம் நின்றேன். தேவசகாயத்தைப் பிடித்தது 1749 பிப்ரவரி 23. கொன்றது 1752 சனவரி 14. மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவு. அந்த வேதனையைச் சிறிதென்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் ஞானப்பூ அம்மாளுக்குக் கிடைத்தது வேறு விதமான சிலுவை. கணவரைப் போல அவரை யாரும் எருமையில் ஏற்றி ஊர் ஊராக இழுக்கவில்லை, சுடவில்லை. காலையில் எழுந்து, தண்ணீர் எடுத்து, அடுப்பு மூட்டி, அயலூரில் விதவையாக, பிறந்த வீட்டுக்கும் வேண்டாதவளாக ஒவ்வொரு நாளையும் கழிக்க வேண்டும். 'பழைய பெயரோடு திரும்பி வந்துவிடு, எல்லாம் சரியாகும்' என்கிற கதவு அவருக்கு எப்போதும் திறந்தே இருந்திருக்கும். அந்தக் கதவை ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டே உள்ளே போகாமல் இருந்திருக்கிறார். விசுவாசத்தில் உறுதியாக நிற்பது என்றால் எனக்கு அந்த அம்மாள்தான் கண்முன் வருகிறார். நம்மில் எவ்வளவு பேரைத் துப்பாக்கி முன்னால் நிறுத்தப் போகிறார்கள்? நமக்கு வருவதெல்லாம் வராத சொந்தங்களும், திரும்பி வருகிற பாத்திரமும், கல்யாண வீட்டில் நாம் உட்கார்ந்த பந்தியிலிருந்து எழுந்து போகிறவர்களும்தான்.

அத்தை மெழுகுதிரி ஏற்றினார். காற்றில் அணைந்தது. மறுபடி ஏற்றி, முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றார். "பிள்ளை குட்டி இருந்துச்சா இவளுக்கு?" என்று கேட்டார். இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை என்றேன். "அப்ப யாரு பாத்தாவ இவள, கடைசி காலத்துல?" என்றார். "ஊர்க்காரங்க பாத்திருப்பாங்க அத்தை." "எந்தச் சாதி ஊர்க்காரங்க?" என்று அவரே கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காரை நோக்கி நடந்தார்.

ஆரல்வாய்மொழியில் ஆனிக் காற்று நின்று பேச விடாது. முப்பந்தல் தொடங்கி எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். காற்றாடிமலை அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம் இருக்கிறது. தன் மகனைச் சிலுவையிலிருந்து இறக்கி மடியில் வாங்கியவளின் பெயரில் அங்கே கோயில் அமைந்தது எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். அத்தையை அங்கே உட்கார வைத்துவிட்டு நானும் மகளும் மேலே ஏறினோம்.

மேலே இரண்டு பாறைகளைத் தேடித்தான் எல்லோரும் போவார்கள். சுடப்படும் முன் அவர் முழந்தாளிட்டு ஜெபித்த இடம் ஒன்று. அவருடைய முழங்காலும் முழங்கையும் பதிந்த தடம் என்று மக்கள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற குழிகள் அங்கே உண்டு. மற்றது மணியடிச்சான் பாறை. அவர் விழுந்த நேரத்தில் மலையிலிருந்து பாறை பெயர்ந்து மணிபோல் ஒலித்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இன்றைக்கும் கல்லால் தட்டினால் வெண்கலத்தில் தட்டியதுபோல் கேட்கிறது. மகள் தட்டினாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு மீனவக் குடும்பத்துச் சின்னப் பையனும் தட்டினான். தட்டத் தட்ட அவனுக்கு ஆசை அடங்கவில்லை. அவனுடைய அம்மா கையைப் பிடித்து இழுக்கும்வரை விடவேயில்லை.

எனக்கு அங்கே வந்த நினைப்பு அவர் இறந்த இரவைப் பற்றியதல்ல. 1745க்கும் 1749க்கும் இடையிலுள்ள நான்கு வருடங்களைப் பற்றியது. திருமுழுக்கு வாங்கியவர் காட்டுக்கு ஓடிப்போகவில்லை. அதே அரண்மனை அலுவலுக்குத்தான் திரும்பினார். அதே ஆட்கள், அதே கணக்கு, அதே விசேஷங்கள். யாரோடு உட்காரக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமும் வழக்கமும் சொன்னதோ அவர்களோடு உட்கார்ந்தார், பேசினார், கிறிஸ்துவில் எல்லோரும் ஒன்று என்று சொன்னார். அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ராஜதுரோகம், பரதேசிகளுக்கு உளவு சொன்னான் என்றெல்லாம் குற்றம் எழுதினார்கள். கையைக் கட்டி எருமைமேல் பின்னோக்கி உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்தார்கள். முள்கம்பால் அடித்து, காயத்தில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். எல்லாவற்றுக்கும் விதை அந்த நான்கு வருடத்தில் அவர் வேலை பார்த்த இடத்திலும் சாப்பிட்ட பந்தியிலும் இருக்கிறது. எடுத்த எடுப்பில் யாரும் காற்றாடிமலைக்கு வந்துவிடுவதில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் கூட்டம் அதிகம். மலையிலிருந்து சில நாட்கள் கழித்துச் சேகரித்த எலும்புகளை இந்தக் கோயில் பீடத்துக்கு முன்னால்தான் அடக்கம் செய்தார்கள். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் அவரை அருளாளராக அறிவித்தார்கள். 2022 மே 15 அன்று ரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர் என்று அறிவித்தார். இந்தியாவின் பொதுநிலையினரில் முதல் புனிதர். குரு அல்ல, துறவி அல்ல, மனைவியோடு குடும்பம் நடத்திய மனிதர். அந்த அறிவிப்பில் அவருடைய சாதிப்பெயர் இல்லை. முன்பெல்லாம் அவர் பெயரோடு அதைச் சேர்த்தே சொல்லிப் பழகியிருந்தோம். ரோமையில் அது உதிர்ந்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் உதிரவில்லை.

பெருவிளையில் வேகமாகத் தரிசித்துவிட்டுக் கிளம்பினோம். மாதக்கணக்காக அவரை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்த ஊர் அது. வெயிலிலும் மழையிலும் கட்டுண்டிருந்தவரிடம் நோயாளிகள் வந்தார்கள், அவர் ஜெபித்து வேப்பிலை கொடுத்தார் என்று சொல்வார்கள்.

புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறைக்கு அத்தையும் வந்தார். தாகத்தில் தவித்தவர் ஜெபித்துவிட்டு முழங்கையால் முட்ட, பாறையிலிருந்து தண்ணீர் சுரந்தது என்பது நம்பிக்கை. சிறு குழிதான். வரிசையில் நின்று மோந்து குடிக்கிறார்கள், பாட்டிலில் பிடித்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. அதற்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருடைய படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படைக்காரர். ஆடுமாடு செத்து, சொத்து அழிந்து மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு விவிலியத்திலுள்ள யோபின் கதையைச் சொன்னவர் அவர்தான். எல்லாவற்றையும் இழந்தும் ஆண்டவரைப் பழிக்காத யோபு. வேலை பார்க்கிற இடத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் முகவாட்டத்தைப் பார்த்து, என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறான். ஒரு புனிதர் நமக்குக் கிடைத்தது அப்படித்தான். பிரசங்க மேடை எதுவும் அங்கே இல்லை.

என் மகள் தண்ணீர் பிடிக்கும்போது அத்தை தன் கைப்பையிலிருந்து இன்னொரு காலி பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். "இதுலயும் பிடிட்டி."

"இது யாருக்கு ஆச்சி?"

"ஒங்க சித்தப்பனுக்கு."

நட்டாலத்துக்குப் போகும்போது மாலையாகிவிட்டது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகிற சாலை. 1712 ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்த ஊர். ஜெபித்து எழுந்தபின், அத்தை நேராகப் பூசைக் கருத்து எழுதும் இடத்துக்குப் போனார். எழுதுகிறவர் என்ன கருத்து என்று கேட்டார். அத்தை பேத்தி பெயரைச் சொன்னார். பிறகு அந்தப் பையன் பெயரையும் சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அப்போதுதான். "கல்யாண ஆசீர்வாதத்துக்கு" என்றார். சுருக்குப்பையைத் திறந்து காசைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். நான் நீட்டியதை வாங்கவில்லை.

காருக்கு வந்ததும் மகளிடம் போனைக் கேட்டார். "ஒங்க சித்தப்பன் நம்பரப் போடு" என்றார். கொழுந்தனார் எடுத்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. "எலேய், நாளைக்கு ரெண்டாவது ஓலை வாசிக்காவ. நான் காலப் பூசைக்கு முன் பெஞ்சுல இருப்பேன். ஒனக்கும் இடம் போட்டு வைக்கேன். முட்டிடிச்சான் பாறத் தண்ணி கொண்டாந்திருக்கேன், வந்து வாங்கிட்டுப் போ." அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகக் கேட்டது. அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நீ வராட்டாலும் நான் இருப்பேன்" என்று சொல்லிப் போனை மகளிடம் கொடுத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, கல்யாணத்துக்குச் சேலை எடுக்க என்றைக்குக் கடைக்குப் போகலாம் என்று கேட்டார்.