எந்த சலானுக்கு கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டும்?

ஹெல்மெட் போடாததற்கு வரும் சலானும், குடித்துவிட்டு ஓட்டியதற்கு வரும் சலானும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அதே துண்டுச் சீட்டு, அதே எஸ்எம்எஸ். முதலாவதை வீட்டில் உட்கார்ந்தபடியே யூபிஐ-யில் கட்டிவிடலாம். இரண்டாவதற்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிற்க வேண்டும். இது தெரியாமல் “ஆன்லைன்ல கட்டிக்கலாம்” என்று விட்டுவிட்டு, வாரன்ட் வந்த பிறகு வக்கீலைத் தேடி ஓடுபவர்கள் நிறையப் பேர். அந்த அலைச்சல் யாருக்கும் வர வேண்டாம் என்பதற்காகத் தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை மோட்டார் வாகனச் சட்டம் 200-வது பிரிவு. அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள குற்றங்களுக்கு மட்டும், மாநில அரசு நிர்ணயித்த தொகையை வாங்கிக்கொண்டு போலீஸோ ஆர்டிஓவோ அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஸ்பாட் ஃபைன் என்பது இதுதான். ஹெல்மெட், சீட் பெல்ட், லைசென்ஸ் இல்லாதது, இன்ஷூரன்ஸ் இல்லாதது, அதிவேகம், பைக்கில் மூன்று பேர், ஓட்டிக்கொண்டே செல்போன் பேசுவது எல்லாம் பட்டியலில் உண்டு. மத்திய அரசின் திருத்தம் 2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. தமிழ்நாடு தன் கட்டணங்களை 2022 அக்டோபரில் உயர்த்தியது.

பட்டியலில் இல்லாத குற்றம் என்றால் போலீஸ் நினைத்தாலும் அங்கே பணம் வாங்கி முடிக்க முடியாது. அந்த அதிகாரமே அவர்களுக்கு இல்லை. யாராவது வாங்கினால் அது உங்கள் வழக்கை முடிக்காது.

இப்படிக் கோர்ட்டுக்குப் போயே தீர வேண்டியவற்றில் முதலில் 185-வது பிரிவு, குடிபோதையில் ஓட்டுவது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் முறை 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை 2 வருடம் வரை சிறை அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். தூண்டியவருக்கும் அதே தண்டனை என்று 188 சொல்கிறது. பின்னால் உட்கார்ந்து வருபவர் மீதும் வழக்குப் போடுவோம் என்று சென்னை போக்குவரத்துக் காவல் 2022-ல் அறிவித்தது இதை வைத்துத்தான்.

அடுத்தது 184, ஆபத்தான முறையில் ஓட்டுவது. செல்போன் சம்பந்தப்பட்ட பகுதியை மட்டும்தான் பட்டியல் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எதிர்த்திசையில் ஓட்டுவதும் சிவப்பு சிக்னலைத் தாண்டுவதும் 184-ன் விளக்கத்திலேயே வருகின்றன. இதே செயலுக்கு வேறு சிறிய பிரிவிலும் சலான் போடலாம் என்பதால், செயலை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சலானில் எந்தப் பிரிவு எண் இருக்கிறது என்று பாருங்கள். ஒருவருக்கு சிக்னல் ஃபைன் ஐந்நூறோடு முடிந்தது என்பதற்காக உங்களுக்கும் அப்படியே முடியும் என்று இல்லை.

187-ஐப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. விபத்து நடந்த இடத்திலிருந்து நழுவிப் போவது, அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஏற்பாடு செய்யாதது, 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குச் சொல்லாதது எல்லாம் இதில் வரும். இதுவும் கோர்ட்டுதான். யாருக்காவது காயம் என்றால் சலான் என்ற பேச்சே இல்லை. பழைய ஐபிசி-க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் கீழ் எஃப்ஐஆர், முழு கிரிமினல் வழக்கு.

பெற்றோர்கள் 199ஏ-வை நிதானமாகப் படிக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோரோ வண்டி ஓனரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். 3 வருடம் வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனான் என்றால், அதை நிரூபிக்கும் பொறுப்பு பெற்றோருடையது. டியூஷனுக்கு ஸ்கூட்டியைக் கொடுத்தனுப்பும் வீடுகளில் இந்த ஒரு பிரிவையாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வகை உண்டு. பட்டியலில் உள்ள சாதாரண சலான், கட்டாமல் விட்டதால் கோர்ட்டுக்குப் போவது. இது பெரும்பாலும் முதலில் மெய்நிகர் நீதிமன்றம் எனப்படும் வர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கே வண்டி நம்பரையோ சலான் நம்பரையோ போட்டால் அபராதத் தொகை தெரியும். ஒப்புக்கொண்டு கட்டலாம், நேரில் போக வேண்டியதில்லை. எதிர்த்து வாதாட விரும்புகிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்தால், வழக்கு உங்கள் பகுதியின் நேரடி கோர்ட்டுக்கு மாறிவிடும், அப்புறம் போய்த்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் இ-சலான் லிங்க்கையும் ஏபிகே ஃபைலையும் தொடவே தொடாதீர்கள். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்து, நீங்களே டைப் செய்து உள்ளே போங்கள்.

குடிபோதை வழக்கில் பிடிபட்ட அந்த இடத்திலேயே சில விஷயங்கள் முக்கியம். ஊதச் சொன்னால் மறுக்காதீர்கள். மறுத்தால் போதை இருப்பதாகச் சந்தேகப்பட்டு வாரன்ட் இல்லாமலே கைது செய்யலாம், தகுந்த காரணம் இல்லாமல் மறுத்ததை 205-வது பிரிவின்படி கோர்ட்டும் உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். மெஷினிலிருந்து வரும் சீட்டில் தேதி, நேரம், பெயர், அளவு, மெஷின் நம்பர் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மவுத்வாஷ் கொப்பளித்தவுடன் ஊதினால் சில நிமிடங்களுக்கு அளவு கூடுதலாகக் காட்டும். அப்படி இருந்தால் வாயைக் கழுவிவிட்டு, சற்று நேரம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி அங்கேயே கேளுங்கள். கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும், இல்லையென்றால் விடுவிக்க வேண்டும் என்பது 202-வது பிரிவு. லைசென்ஸை வாங்கிக்கொண்டால் ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அதில் போட்டிருக்கும் தேதி வரை அந்தச் சீட்டை வைத்து ஓட்டலாம்.

கோர்ட்டு தேதி சலானிலோ சம்மனிலோ இருக்கும். சம்மனின் பின்பக்கம் வரை முழுதாகப் படியுங்கள். சிறைத் தண்டனைக்கே இடமில்லாத குற்றம் என்றால், வக்கீல் மூலம் ஆஜராகலாம், அல்லது குற்றத்தை ஒப்புக்கொண்டு பதிவுத் தபாலில் கடிதமும் பணமும் அனுப்பலாம் என்று சம்மனிலேயே சொல்ல வேண்டும் என்கிறது 208. சிறைக்கு இடமுள்ள குற்றத்தில் அந்தச் சலுகையைத் தருவதும் தராததும் மாஜிஸ்திரேட்டின் விருப்பம். சம்மனில் அந்த வரி இல்லையென்றால் நேரில் போங்கள்.

பத்து மணிக்கே போய்விடுவது நல்லது. லைசென்ஸ் அல்லது ஒப்புகைச் சீட்டு, ஆர்சி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, ஆதார், சலான் நகல் எல்லாம் ஜெராக்ஸோடு இருக்கட்டும். வாசலில் அந்த ஸ்டேஷனின் கோர்ட் போலீஸ் வழக்குக் கட்டுகளோடு நிற்பார். அவரிடம் உங்கள் எஸ்.டி.சி. நம்பரை, அதாவது கோர்ட் தரும் வழக்கு எண்ணை, கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எந்த வேலைக்கும் அந்த நம்பர்தான் கேட்பார்கள். பெயர் கூப்பிட்டதும் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்பார். ஒப்புக்கொண்டால் பெரும்பாலும் அன்றைக்கே தீர்ப்பு. அபராதத்தை ரொக்கமாகக் கொண்டுபோங்கள், கட்டத் தவறினால் இத்தனை நாள் சிறை என்றும் உத்தரவில் சேர்ந்து வரும். மறுத்தால் சாட்சி விசாரணைக்கு வேறு தேதி கொடுப்பார்கள். அப்போது வக்கீல் இல்லாமல் நிற்காதீர்கள். வசதி இல்லையென்றால் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐக் கூப்பிடுங்கள்.

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு பணம் கட்டுவது, ஸ்பாட் ஃபைன் கட்டுவதற்குச் சமம் இல்லை. அது குற்றத் தீர்ப்பு. வேலை விண்ணப்பத்திலோ விசா படிவத்திலோ எப்போதாவது தண்டனை பெற்றிருக்கிறீர்களா என்று கேட்டால் இது கணக்கில் வரும். 185-ல் தீர்ப்பானால் குறைந்தது 6 மாதம் லைசென்ஸுக்குத் தகுதி நீக்கம் என்று 20-வது பிரிவு கட்டாயமாகச் சொல்கிறது. அந்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் 182-ன் கீழ் இன்னொரு குற்றம். பஸ், லாரி, கால் டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கு பத்தாயிரத்தைவிட இந்த ஆறு மாதம்தான் பெரிய இழப்பு. அதனால் மெஷின் அளவிலோ பரிசோதனையிலோ உண்மையாகவே குறை இருந்தால், அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டிவிடுங்கள்.

ஸ்பாட் ஃபைன் கட்டியவருக்கும் எல்லாம் துடைத்துப் போய்விடாது. 2019 திருத்தப்படி, கட்டி முடித்த குற்றமும் முதல் முறையாகக் கணக்கில் ஏறும், அடுத்தது மறுமுறைதான். போலீஸ் உங்கள் லைசென்ஸை ஆர்டிஓவுக்கு அனுப்பியிருந்தால் அந்த நடவடிக்கையும் தனியே நடக்கும். சஸ்பெண்ட் செய்யும் முன் ஆர்டிஓ உங்கள் பதிலைக் கேட்க வேண்டும், உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

லோக் அதாலத் எனப்படும் மக்கள் நீதிமன்றத்தில் பாதி கட்டினால் போதும் என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சமரசம் செய்ய முடியாத குற்றங்களை எடுக்க லோக் அதாலத்துக்கு அதிகாரம் இல்லை. 185 அங்கே முடியாது.

தேதிக்குப் போக முடியாத நிலைமை வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே வக்கீல் மூலம், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 355-வது பிரிவின் கீழ், நேரில் ஆஜராவதிலிருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம். பழைய சட்டத்தில் இருந்த எண்ணை வைத்து, பழைய வக்கீல்கள் இன்னும் 317 மனு என்றுதான் சொல்வார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் வாரன்ட் வரும், முதலில் ஜாமீனில் விடக்கூடியது, பிறகு விட முடியாதது. வந்துவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும் வரை காத்திருக்காமல், வக்கீலோடு நீங்களே கோர்ட்டில் ஆஜராகி வாரன்ட்டைத் திரும்பப் பெறும் மனு போடுங்கள். தானாக வருபவரை மாஜிஸ்திரேட் பார்க்கும் விதமே வேறு.

அபராதம் கட்டியதும் ரசீதின் நகலை ஸ்டேஷனில் கொடுத்து, வண்டியையும் வாங்கி வைத்திருக்கும் காகிதங்களையும் மீட்டுக்கொள்ளுங்கள். இ-சலான் தளத்தில் உங்கள் சலான் நிலுவை என்பதிலிருந்து முடிந்தது என்று மாறியதா என்று சில நாள் கழித்துப் பாருங்கள். மாறவில்லை என்றால், ரசீதோடும் எஸ்.டி.சி. நம்பரோடும் சலான் போட்ட போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வைத்த நகலைக் கேட்டு வாங்கி வாருங்கள்.