ஸ்பிரிங்கைத் தொட முன்

என் மச்சான் இங்கிலாந்தில், லெஸ்டரில், வீட்டோடு சேர்ந்த கராஜுக்குள் ஒரு கார் கட்டுகிறான். கிட் கார் என்பார்கள். பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, உடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, என்ஜின், கியர்பெட்டி, டிப்ரென்சல், சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் கம்பனி செய்து அனுப்புகிற புதுக் குழாய்ச் செசியில், அதாவது இரும்புச் சட்டகத்தில், பூட்டுவது. கதவும் இல்லை, கூரையும் இல்லை. மழை பெய்கிற நாட்டில் இருந்துகொண்டு இதை ஏன் கட்டுகிறான் என்று அவனுடைய அக்காவுக்கு, அதாவது என் மனைவிக்கு, இன்னும் விளங்கவில்லை. எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

நான் இலங்கையில், கிளிநொச்சி வட்டக்கச்சியில் கராஜ் வைத்திருக்கிறேன். பிக்கப், கன்டர் லொறி, லான்ட்மாஸ்டர் பெட்டி என்று வருகிறதில் ஸ்பிரிங் வேலையும் வெல்டிங்கும்தான் அதிகம். அதனால் மச்சானின் வட்ஸ்அப் கேள்விகள் எனக்கு வரும். போன மாதம் வந்தது இது: "அத்தான், கார் கொக்கு மாதிரி உயர்ந்து நிக்குது. ஸ்பிரிங்கில ஒரு சுற்று வெட்டிவிடட்டே?"

வெட்டாதே என்று உடனே எழுதினேன். காரணத்தை வொய்ஸ் மெசேஜில் சொல்லத் தொடங்கி அது நீண்டுபோனது. இங்கேயும் கனபேர் இதே மாதிரி வேலைகளோடு வருவதால் எழுதியே வைக்கிறேன்.

முதலில் கார் ஏன் உயர்ந்தது? எம்எக்ஸ்-5 கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ. அவன் கட்டுகிறது அறுநூற்றைம்பது, எழுநூறுக்குள் நிற்கும். ஸ்பிரிங் பழையது, பாரம் புதியது. உதாரணத்துக்கு, முழுக் காரின் பாரத்தில் ஒரு சில்லில் ஸ்பிரிங் 10 சென்ரிமீற்றர் அமர்ந்திருந்தால், பாரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததும் ஆறரைதான் அமரும். மீதி மூன்றரை சென்ரிமீற்றர் காரைத் தூக்கிவிடும். தூக்குவதோடு முடியாது. 5ஐ, அமர்ந்த சென்ரிமீற்றரின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அந்தக் கார் விநாடிக்கு எத்தனை தடவை துள்ளும் என்று கிட்டத்தட்டக் கிடைக்கும். பத்துக்கு 1.6, ஆறரைக்கு ஏறக்குறைய 2. சாதாரண வீட்டுக் கார் ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் இருக்கும். ஆக, ஒன்றையும் மாற்றாமலேயே அவனுடைய ஸ்பிரிங் இறுகிவிட்டது.

இதில் ஒரு சுற்றை வெட்டினால்? கார் கீழே வரும், உண்மை. ஆனால் சுற்றுக் குறையக் குறைய ஸ்பிரிங் இன்னும் இறுகும். ஏற்கெனவே இறுகினதை மேலும் இறுக்குகிற வேலை. அதோடு நீளம் குறைந்த ஸ்பிரிங், சில்லு முழுதாகத் தொங்கும்போது தன் இருக்கையை விட்டுக் கழன்று நிற்கும். பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது கோணலாகப் போய் உட்காரும். இங்கே சிலர் வெட்டுவதற்குப் பதிலாகக் காஸ் சுடரைப் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி அமர வைக்கிறார்கள். அது வெட்டுவதைவிட மோசம். உருக்கின் பதம் அந்த இடத்தில் போய்விடும், பிறகு ஒருநாள் அதே இடத்தில் முறியும். அவனுக்கு வேண்டியது பாரத்துக்கு ஏற்ற மெல்லிய ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்திய, துள்ளலை அடக்குகிற ஷொக் அப்சோபரும். செலவுதான். வேறு வழி இல்லை.

வாகன விதிகளையும் அவன் என்னிடம்தான் கேட்கிறான். அந்த நாட்டில் புதுச் செசியில் கட்டிய கார் வீதிக்கு ஏற முன் ஐ.வி.ஏ. என்ற அங்கீகாரச் சோதனை உண்டு. 2009இல் பழைய எஸ்.வி.ஏ. சோதனைக்குப் பதிலாக வந்தது. அவன் அனுப்பிய கையேட்டைப் பொழுதுபோக்காகவே வாசித்தேன். ஸ்டியரிங்கைத் திருப்பிக் கையை விட்டால் தானாக நடுவை நோக்கித் திரும்ப வேண்டும். சில்லை மூடாத கார் என்பதால் சஸ்பென்ஷன் கைகளும் நட்டுத் தலைகளும் வெளியே தெரியும். 100 மில்லிமீற்றர் உருண்டை ஒன்றால் தொடக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீற்றராவது வளைந்திருக்க வேண்டும். ஆட்களில் மோதினால் கிழிக்கக்கூடாது என்பதற்காக. அதனால் அங்கே கட்டுகிறவர்கள் நட்டுக்கு நட்டு பிளாஸ்டிக் தொப்பி போடுகிறார்கள். சோதனை முடிந்ததும் கழற்றி எறிகிறவர்களும் உண்டாம். ஸ்டியரிங் திரும்பவில்லையென்றால் சோதனைக்கு மட்டும் ரயர்க் காற்றையும் முன்சில்லின் திசையையும் மாற்றிவைத்துப் பாஸ் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழையபடி வைக்கிறார்களாம். எங்கள் ஊர்ச் சுத்துமாத்து எங்களுக்கு மட்டும் சொந்தமில்லை என்று அப்போது தெரிந்தது.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2025 ஆகஸ்ட் வரை அவர்களிடம் இருந்த புள்ளிக் கணக்கு. ஏற்கெனவே பதிந்த வாகனத்தைப் பெரிதாக மாற்றினால், பழைய பதிவிலக்கத்தை வைத்திருக்க 8 புள்ளி வேண்டியிருந்தது. மாற்றாத செசிக்கு 5. சஸ்பென்ஷன், அச்சுகள், கியர்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14. நாங்கள் என்ஜினைத்தான் வாகனத்தின் உயிர் என்கிறோம், அவர்கள் அதற்கு எல்லாவற்றையும்விடக் குறைவாகக் கொடுத்திருந்தார்கள். சஸ்பென்ஷனை மட்டும் மாற்றினால் 2 போய் 12 மிஞ்சும், பிரச்சினை இருக்கவில்லை. ஆனால் புது ஷொக்குக்கு இடம் பிடிக்க செசியை வெட்டி ஒட்டினால் அந்த 5 போச்சு. புள்ளி மற்றவற்றில் மிஞ்சினாலும் வெட்டின செசி வெட்டின செசிதான், திரும்ப ஐ.வி.ஏ.க்குப் போகவேண்டியிருந்தது, இலக்கமும் அடையாளம் உறுதியில்லாத வாகனத்துக்குக் கொடுக்கிற கியூ என்ற எழுத்தோடு தொடங்கியது. நட்டுப் போல்ட்டால் பூட்டுகிற வேலையும் வெல்டிங் கம்பி பிடிக்கிற வேலையும் அந்த விதியின் கண்ணில் ஒன்றாக இருக்கவில்லை. வெல்டிங் செய்து பிழைக்கிற எனக்கே அது நியாயமாகப் படுகிறது.

எங்கள் பக்கத்தில் செசிக்கு வேறொரு கணக்கும் உண்டு. 2009க்குப் பிறகு முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்தும் துருப்பிடித்தும் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். பதிவுப் புத்தகம் தொலைத்துவிட்டு வந்தவருக்கு, இது என்னுடையது என்று காட்ட மிஞ்சியது இரும்பில் குத்தியிருந்த அந்த இலக்கம்தான். சஸ்பென்ஷன் தாங்கியை ஒட்ட வேண்டி வந்தால், இலக்கம் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டுபோக நான் விடுவதில்லை. வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும் சரி.

இங்கே வருகிற வேலை மச்சானுடையதற்கு நேர்மாறு. எல்லாருக்கும் தூக்க வேண்டும். நெல்லும் மணலும் ஏற்றுகிற பிக்கப்புக்குப் பின்னால் ஒரு ஸ்பிரிங் தகடு கூடப் போட்டுத் தா என்று வருவார்கள். வயல் பாதையையும் குளக்கட்டுக் கிரவலையும் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே வண்டி பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறினதும் எழுபதைத் தாண்டி ஓடும்.

தகடு போட்டதும் பின்பக்கம் எழும்பும். முன் லைற் கீழே பார்க்கும். ஸ்டியரிங் இலேசாகி, நேரே நிற்கிற பிடி குறையும். இதெல்லாம் ஓட்டுகிறவருக்கே தெரியவரும். தெரியாமல் இருக்கிற ஒன்றைச் சொல்கிறேன். பல பிக்கப்புகளில் பின் அச்சிலிருந்து செசிக்கு ஒரு சின்னக் கம்பி போகும். அதன் முனையில் ஒரு பிறேக் வால்வு. பாரம் ஏறிப் பின்பக்கம் அமர்ந்தால் கம்பி தள்ளும், வால்வு பின் பிறேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். வெறும் வண்டியென்றால் அழுத்தத்தைக் குறைக்கும், பின்சில்லு இறுகி வழுக்காமல் இருக்க. தகடு கூட்டித் தூக்கிய வண்டியில் ஒரு தொன் நெல் ஏற்றினாலும் அந்த வால்வுக்கு வண்டி வெறும் வண்டிதான். பின் பிறேக் பாதிதான் பிடிக்கும். கம்பியின் பிடியைப் புது உயரத்துக்கு மாற்றிப் பூட்ட வேண்டும். பலர் அதைக் கவனிப்பதில்லை, சிலர் கழற்றிக் கட்டியே விடுகிறார்கள்.

தூக்கினாலும் இறக்கினாலும் நான் தவறாமல் பார்க்கிறது பிறேக் ஹோஸ். ஜக்கை அச்சுக்குக் கீழே வைக்காமல் செசிக்குக் கீழே வைத்துத் தூக்க வேண்டும், சில்லு முழுதாகத் தொங்கட்டும். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கடைசி வரை, அந்தக் கடைசி வரை ஒருவர் திருப்ப, நான் ஹோஸில் விரலை வைத்திருப்பேன். எந்த நிலையிலும் விரலால் கொஞ்சம் அசைக்கக்கூடிய தளர்வு இருக்கவேண்டும். கம்பிபோல் விறைத்தால் நீளமான ஹோஸ் வேண்டும். அதே நேரம் ரயரில் உரசின மினுக்கம் இருக்கிறதா என்றும் ரோச் அடித்துப் பார்ப்பேன். மச்சானையும் இதைச் செய்யச் சொன்னேன். அவனுடைய முன் இடப்பக்க ஹோஸ் சில்லு வளையத்தில் முட்டியது, பிடியைத் திருப்பிப் பூட்டினான்.

அவனுக்கு இன்னொரு தலைவலி, ஸ்டியரிங் தண்டு, அதாவது சில்லைத் தள்ளித் திருப்புகிற பக்கக் கம்பி. சஸ்பென்ஷன் கையும் ஸ்டியரிங் தண்டும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் ஏறி இறங்கினால்தான் சில்லு நேரே இருக்கும். உயரம் மாறினால் கோணம் பிரியும்; பள்ளம் வந்தால் சில்லு தானே ஒரு பக்கம் பார்க்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஜக்கால் சில்லைச் சிறிது சிறிதாக உயர்த்தி, டிஸ்கில் பிடித்த பலகையின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எவ்வளவு விலகுகிறது என்று அளந்து அனுப்பினான். பொறுமைசாலி. என் கராஜில் அதற்கு நேரம் கொடுக்கிற வாடிக்கையாளர் இல்லை.

இலங்கையில் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம்தான் இன்னும் அடிப்படை. லொறிக்கும் பஸ்ஸுக்கும் வருடாவருடம் தகுதிச் சான்றிதழ் உண்டு. தனியார் காருக்கு காப்புறுதியும் புகைச் சான்றிதழும் இருந்தால் வருட லைசன் கிடைத்துவிடும், ஸ்பிரிங்கை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று பொலிஸ் இறங்கியபோதுகூட, பஸ்ஸிலும் ஓட்டோவிலும் மேலே பூட்டியிருந்த அலங்காரங்களில்தான் அதிகம் கண் போனது. யாரும் பார்க்கவில்லை என்பதற்காகச் சட்டம் இல்லை என்று ஆகாது. விபத்து நடந்த அன்றைக்குக் காப்புறுதிக் கம்பனியின் மதிப்பீட்டாளர் கட்டாயம் குனிவார். கூட்டின தகடு அவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். ஆகவே வேலை முடித்ததும் என்ன மாற்றினேன் என்று பில்லில் எழுதிக் கொடுக்கிறேன். அதைக் காப்புறுதிக்காரருக்குக் காட்டச் சொல்கிறேன். அங்கே மச்சானுக்கும் அதேதான். அந்த நாட்டின் 2012ஆம் ஆண்டு நுகர்வோர் காப்புறுதிச் சட்டப்படி கம்பனி கேட்கிற கேள்விக்கு அக்கறையோடு சரியான பதில் சொல்ல வேண்டும். கவனயீனமாகச் சொன்னால் காசைக் குறைப்பார்கள், வேண்டுமென்று மறைத்தால் ஒன்றுமே தரமாட்டார்கள். ஷொக் மாற்றினேன் என்று ஒரு மின்னஞ்சல் போடுவதற்கு என்ன செலவு?

இப்போது மெல்லிய ஸ்பிரிங் வந்துவிட்டது. இவ்வளவு பாரம் குறைந்த காரில் ஓட்டுகிறவரின் உடம்பே ஒரு கணக்கு, ஆகவே உயரத்தை ஆள் இருக்கிற பாரத்தோடுதான் அளக்க வேண்டும் என்று சொன்னேன். தானே ஏறி இருந்தால் அளக்க ஆள் இல்லை. இருக்கையில் 20 கிலோ அரிசி மூட்டை நான்கை அடுக்கிப் பெல்ட்டும் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறான். வலப்பக்கம் 4 மில்லிமீற்றர் தாழ்வு. அதைச் சரிப்படுத்தும் வரைக்கும் மூட்டையைப் பிரிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், அவன் வீட்டில் சம்மதிக்கிறார்களோ தெரியாது.